எந்த மாநிலத்திலும் இல்லாத வாரம்

வெல்டன் பெட்ரிக் இரண்டு மாநிலங்களுக்குமான வருமான வரிக் கணக்கைக் கணினியில் அனுப்பி முடித்த ஏப்ரல் மாலையில், அவனுடைய ஒன்பது மாத மகள் டெஸ்ஸின் பாதங்களுக்குள்ளே தொட்டில் விரிப்பு தெரிய ஆரம்பித்தது. விரிப்பில் வாத்துப் படம் போட்டிருந்தது. வாத்துகளின் அலகு நிறம் வரை தெளிவாகத் தெரிந்ததும் அவன் மனைவி கோலெட் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள்.

முந்தைய கோடையில்தான் அவர்கள் மிசௌரி ஆற்றைத் தாண்டி, அயோவாவிலிருந்து நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். வெல்டன் பிறவி நெப்ராஸ்கா கால்பந்து வெறியன். தபால் பெட்டிக்குக்கூட அணியின் சிவப்பைப் பூசியவன். வாடகை குறைவென்று அயோவாவில் இருந்த காலத்தைப் போர்க்கைதியாக இருந்த காலம் என்றே சொல்லிவந்தான். ஜூன் கடைசியில் பழைய வீட்டைக் காலி செய்தபோது ஒமாஹா வீட்டில் பெயின்ட் காயவில்லை. அந்த ஒரு வாரம் ஆற்றுப் பாலத்தடி விடுதியில் கழிந்தது. டெஸ் அந்த வாரத்தில்தான் பிறந்தாள். எந்த மாநிலத்தில் எந்தத் தேதிவரை குடியிருந்தார்கள் என்று கேட்கும் வரிப் படிவத்தில் வெல்டன் அயோவாவை ஜூனோடு முடித்து, நெப்ராஸ்காவைச் சாவி வாங்கிய நாளில் தொடங்கினான். அயோவாவுக்கு ஒரு நாள்கூட அதிகம் தர மனமில்லாமல், இடைப்பட்ட வாரத்தை எந்த மாநிலத்துக்கும் கொடுக்கவில்லை. அதை அலுவலகத்தில் பெருமையாகவும் சொல்லிக்கொண்டான்.

வார இறுதிக்குள் டெஸ்ஸின் முழங்கால்களும் மறைந்து போயின. குழந்தை மருத்துவர் எடை சரியாக இருக்கிறது என்று சொல்லி வைட்டமின் சொட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் குடித்த பால் இறங்குவது வெளியே தெரிந்தது. காலையில் தடவிப் பார்த்தால் விரிப்பு மட்டும் கைக்கு வருமோ என்று பயந்து, கோலெட் பூனைக் கழுத்து மணி ஒன்றைக் காலுறையில் தைத்தாள். மணி கேட்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள்.

கடைசியில், டெஸ் பிறந்த வாரம் எந்த மாநிலக் கணக்கிலும் இல்லையே என்று உறைத்து, அயோவா வரி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் இருந்த பெண் ஆச்சரியப்படவில்லை.

"பழைய வீட்டைக் காலி பண்ணினா மட்டும் போதாதும்மா. புது வீட்டுல குடி போற வரைக்கும் நீங்க எங்க ஆளுங்கதான். திருத்தி அனுப்புங்க. வயிறு வரைக்கும் போயிடுச்சா? அப்ப சீக்கிரம் பண்ணுங்க."

வெல்டன் கணினியில் படிவத்தைத் திறந்தான். "அப்ப என் பொண்ணு அயோவாக்காரியா?"

"இப்ப அவ எந்த ஊர்க்காரியும் இல்ல. தேதியை மாத்து."

"நாளைக்கு அவங்க டீமுக்குக் கத்துவாளே, கோலெட்."

"கத்தறதுக்கு மொதல்ல வாய் இருக்கட்டும், வெல்டன்."

தொட்டில் காலியாகத் தெரிந்தது. அதற்குள்ளிருந்து அழுகை வந்தது. அவன் தேதியைத் திருத்தி அனுப்பினான்.

திருத்தம் ஏற்கப்பட வாரக்கணக்கில் ஆனது. மணிச் சத்தத்தை வைத்துத்தான் பால் கொடுத்தார்கள். பிறகு டெஸ் தலைமுடியிலிருந்து கீழ்நோக்கித் திரும்பி வந்தாள், இடது கால் சுண்டுவிரல் தவிர. வாரத்தின் கடைசி நாளை மட்டும் வெல்டனின் கை, பழக்க தோஷத்தில், அயோவாவுக்குக் கொடுக்காமல் விட்டிருந்தது. கோலெட் அவனைப் பார்த்தாள். சரி செய்துவிடுகிறேன் என்றான். கால்பந்துப் பருவம் தொடங்கியது. திருத்துவதற்கான மூன்று வருடக் கெடுவும் தாண்டிப் போயிற்று.

டெஸ் இப்போது பள்ளிக்குப் போகிறாள். இரண்டு மாநில அணிகளும் மோதும் நாளில் அயோவா அணியின் கறுப்பும் மஞ்சளும் உடுத்திக்கொண்டு அப்பாவின் காதருகே கத்துகிறாள். படுக்கப் போகும்முன் காலுறையைக் கழற்றும் கோலெட், சுண்டுவிரல் இருக்க வேண்டிய வெற்றிடத்தில் கிச்சுகிச்சு மூட்டுவாள். டெஸ் காலை இழுத்துக்கொண்டு சிரிப்பாள்.