கலைக்கத் தெரியாத அக்கா

தம்பியை உண்மைப் பெயர் சொல்லி வீட்டில் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் அவன் பரட்டைதான். தலை மட்டுமா பரட்டை? சட்டைக் காலர் ஒரு பக்கம் வானத்தைப் பார்க்கும், மறுபக்கம் கழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஒலிபெருக்கி பழுது பார்ப்பது தொழில். அவன் அறையில் குடலை உருவிப்போட்ட ஸ்பீக்கர்கள், காலொடிந்த நாற்காலி, அதன்மேல் துணி மலை. எது துவைத்தது, எது துவைக்காதது என்று மோந்துதான் கண்டுபிடிப்பான்.

அக்கா நேர் எதிர். மருந்துக்கடை வைத்திருந்தாள். அங்கே ஒரு புட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

வெளியூர் வேலைக்குத் தம்பி கிளம்பிப்போனதும் அக்கா புடவையை இழுத்துச் செருகினாள்.

“வேண்டாம்மா, வந்து குதிப்பான்,” என்றார் அவள் கணவர்.

“குதிக்கட்டும். குதிக்கிறதுக்காவது தரை தெரியணுமில்ல?”

மூன்று மூட்டை குப்பை வெளியேறியது. துணிகள் மடிந்து அலமாரிக்குள் போயின. சாயங்காலம் அறை, பெண் பார்க்க வருபவர்களுக்குக் காத்திருப்பதுபோல் பளபளத்தது.

மறுநாள் காலை வாசலில் ஒரு வண்டி. நாடக மேடை அமைக்கும் பெண்மணி இறங்கினார். போன வாரம் மைக்கைப் பழுதுபார்க்கக் கொடுக்க வந்தவர், பரட்டையின் அறையைப் பார்த்துச் சொக்கிப்போயிருக்கிறார். ஒரு சோம்பேறியின் அறை அவருக்கு மேடைக்குத் தேவை. அப்படியே படம் பிடித்து, சாமான்களை அள்ளிக்கொண்டு போகலாம் என்று தம்பி வாக்குக் கொடுத்திருக்கிறான். வீட்டில் மூச்சு விடவில்லை.

அறை வாசலில் நின்று அவர், “வீடு மாறி வந்துட்டேனா?” என்றார்.

“இதே வீடுதான். நேத்து சுத்தம் பண்ணிட்டேன்,” என்றாள் அக்கா.

“ஐயோ, கெடுத்திட்டீங்களே. நாளைக்கு நாடகம்.”

அக்கா மறுபடியும் புடவையை இழுத்துச் செருகினாள். “இருங்க. குப்பை போடறது என்ன பெரிய வித்தையா?”

வித்தைதான். அவள் வீசிய சட்டைகள் மூன்றும் ஒரே வரிசையில் விழுந்தன. காகிதத்தைக் கசக்கச் சொன்னால் முதலில் நாலாக மடித்தாள். டீ டம்ளரைக் கவிழ்த்தவள் அடியில் ஒரு தட்டு வைத்தாள். கணவர் செய்தித்தாளைச் சிதறவிட, அவர் திரும்புவதற்குள் அவள் கை தானாக ஓரங்களைச் சேர்த்துத் தட்டியது. அவர் சிரித்துச் சிரித்துச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

“துணிக்கடையில விரிச்சு வெச்ச மாதிரி இருக்கு,” என்றார் பெண்மணி, அழமாட்டாத குறையாக.

அந்த நேரத்தில் பரட்டை வந்து சேர்ந்தான். எட்டிப் பார்த்தான்.

“யாரோட ரூம் இது?”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னார்கள். அவனுக்குக் கோபமே வரவில்லை. செருப்பை உதறினான், ஒன்று கட்டிலடிக்குப் போனது, இன்னொன்று போன இடம் தெரியவில்லை. சார்ஜர் தேட பையைத் தலைகீழாகக் கொட்டினான். கொட்டியதில் கிடைத்த வாழைப்பழத்தைத் தின்று தோலை ஸ்பீக்கர் மேல் வைத்தான். அலமாரியில் ஒரு சட்டை தேட ஒன்பது சட்டைகள் வெளியே வந்தன.

“இயல்பா செய்யுங்க, படம் எடுக்கிறேன்னு நினைக்காதீங்க,” என்று பெண்மணி கிசுகிசுத்தார்.

“நான் இன்னும் ஒண்ணுமே செய்ய ஆரம்பிக்கலையே.”

ஒரு மூலை மட்டும் சுத்தமாக இருந்தது. “அக்கா, அது உனக்கு,” என்றான்.

அக்கா தலையணையை எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு எறிந்தாள். அது பரணில் மோதியது. திருகாணி டப்பா உருண்டு விழுந்து ஆணி மழை பெய்தது. தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. அவள் பதறிக் குனிந்தாள்.

“தொடாதீங்க,” என்றார் பெண்மணி. “அபாரம்.”

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பஞ்சு ஒன்று மெதுவாக வந்து அவள் மூக்கில் உட்கார்ந்தது. அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது, நிறுத்த முடியவில்லை. அப்படியே இரண்டாவது தலையணையைக் கையில் எடுத்தாள். கணவர் தவழ்ந்தே வெளியே ஓடினார்.

மறுநாள் திரை விலகியதும், நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே மேடையில் பரட்டையின் அறையைப் பார்த்து அரங்கம் சிரித்தது. அக்கா பக்கத்து இருக்கைக்காரரின் தோளைத் தட்டினாள்.

“அதோ, அந்த மூலை. நான் பண்ணது,” என்றாள்.