அவள் போடாத பனியன்

மகளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அக்குளுக்குக் கீழே தோல் உரிந்திருக்கும். அம்மா, பெரிய கம்பெனிகளுக்கு விளையாட்டு உடை தைக்கும் தொழிற்சாலையில் தையல்காரி. எந்தத் தையல் எங்கே உறுத்தும் என்று அவள் விரலுக்கே தெரியும். பக்கத் தையலை முதுகுப் பக்கம் தள்ளி, வீட்டு மெஷினில் ஒரு பனியன் தைத்தாள். மகள் அதைப் போட்டுப் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, "போட்டிருக்கிறதே தெரியலம்மா," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அம்மா வேலையை விட்டு, நாலு மெஷின் போட்டுச் சொந்தமாகத் தைக்க ஆரம்பித்தாள்.

கடைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கண்ணில் படுகிற அலமாரியெல்லாம் பெரிய கம்பெனிகளின் கையில். விற்பனைக்கு அலைந்த அவள் தம்பி நொந்துபோனான். கடையை விடு, ஓடுகிறவர்களிடமே போவோம் என்றாள் அவள். காலையில் பூங்காக்களில் கூட்டமாக ஓடும் பெண்களுக்கு முப்பது பனியன்களைச் சும்மா கொடுத்தாள். ஒரு மாதம் ஓடித் துவைத்துவிட்டு, கிழிசலோ சாயம் போனதோ, அப்படியே திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்தவற்றை மேஜையில் பரப்பி, நைந்த இடங்களைத் தடவிப் பார்த்து, பத்தே நாளில் துணி வெட்டும் விதத்தை மாற்றினாள். பெரிய கம்பெனிகளில் அதற்கு ஒரு வருஷம் பிடிக்கும். அவர்கள் தைக்காத பெரிய அளவுகளையும் தைத்தாள். ஒரு குழு அடுத்த குழுவிடம் சொல்ல, மூன்று வருஷத்தில் நாலு மெஷின் அறுபது ஆனது. நமக்கு விளம்பரப் பலகையே ஊர் வாய்தான் என்று தம்பி சிரிப்பான்.

இதற்கிடையில் மகளைப் பெரிய கம்பெனி ஒன்று தேடி வந்தது. வெளியூரில் பயிற்சி, மருத்துவம், தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. போட்டியில் தலை முதல் கால் வரை அவர்கள் உடைதான். மகள் தயங்கினாள்.

"என்னால பனியன் மட்டும்தான்டி தர முடியும். கையெழுத்துப் போடு," என்றாள் அம்மா.

அதன்பிறகு மகளை டிவியில்தான் அதிகம் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கண் முதலில் அந்தக் கம்பெனியின் ஆரஞ்சுச் சட்டையின் தோள்பட்டைக்குப் போகும். ஒரே ஒரு தடவை, நான் தைத்ததில் இவள் ஓடக் கூடாதா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

போன மாதம் மாரத்தான் இவர்கள் ஊரிலேயே நடந்தது. முப்பதாவது கிலோமீட்டர் திருப்பத்தில் அம்மாவும் அவள் தம்பியும் நின்றார்கள். மகள் காற்றாகக் கடந்து போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மற்ற பெண்கள் கூட்டமாக வந்தார்கள், பாதிப் பேர் இவள் தைத்த பனியனில். "அக்கா, பாரு பாரு," என்று தம்பி தோளை உலுக்கினான். அவளுக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் பார்வை, மகள் போன திசையை விட்டு வரவில்லை.

மாலையில் ஓட்டல் அறையில் இருவருக்கும் ஒரு மணி நேரம் கிடைத்தது. ஒப்பந்தத்தை இன்னும் நாலு வருஷத்துக்கு நீட்டிவிட்டதாக மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லதுதான்டி," என்றாள் அம்மா. பிறகு பையிலிருந்து டேப்பை எடுத்தாள். "கொஞ்சம் திரும்பி நில்லு."

"எதுக்கும்மா? நான்தான் போட முடியாதே."

"தெரியும். அளவாவது என்கிட்ட இருக்கட்டும்."

மகள் திரும்பி நின்று, கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தோள் அரை அங்குலம் அகலமாகியிருந்தது. அம்மா அந்தத் தோளிலிருந்து டேப்பை உடனே எடுக்கவில்லை.