மாப்பிள்ளை வீட்டாருக்குப் பச்சை இறால்

கல்முனையில் முன்பெல்லாம் மாப்பிள்ளை எடுக்க வீடு கொடுத்தால் போதும். பிறகு வீட்டோடு வாகனம் சேர்ந்தது. இப்போது வெளிநாட்டுப் பயணமும் சேர்ந்துவிட்டது. நஸீறாவும் தன் மகன் றமீஸைக் கொடுக்க முன், பெண் வீட்டார் செலவில் குடும்பத்தோடு மலேசியா பார்க்க ஆசைப்பட்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நின்று கதைத்தால் ஊர் வாய் பிளக்கும். ஒரே விமானத்தில் பறந்தால் ஒன்றும் சொல்லாது. நல்ல ஊர்.

பெண்ணின் உம்மா ஸாலிஹாவுக்கு மலேசியா கண்ணில் ஏறவேயில்லை. எதைப் பார்த்தாலும் வரிப்பத்தான்சேனையில் கிடக்கிற தன் வயல்தான் தெரிந்தது. கொடுக்கப்போகும் வீட்டுக்கு மேல்மாடியும் வேண்டுமென்று நஸீறா புதிதாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தாள். வயலை விற்றால்தான் மாடி. "பகல் சாப்பாட்டுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க," என்று காலையில் கெடுவும் வைத்துவிட்டாள். புருஷன் மௌத்தாகித் தனியே நிற்கிறவள் ஸாலிஹா. மகள் றஸ்னாவுக்கு வயது ஏறுகிறது. சரியென்று சொல்லத்தான் மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

சாப்பாட்டுக்கடையைப் பிடித்தது கோலாலம்பூரில் வேலை செய்கிற ஸாலிஹாவின் மகன் மிஹ்லார். ஹலால் கடை, இடம் கிடைப்பதே பெரிது என்று பெருமையடித்து, இவர்களை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். அங்கே எப்படிச் சாப்பிடுவதென்று மட்டும் சொல்லவில்லை.

மேசை நடுவில் அடுப்பு. அடுப்பில் ஒரு சட்டி நிறையச் சாறு கொதித்தது. சுற்றிவரப் பச்சை இறால், பச்சைக் கணவாய், பச்சைக் கோழி, கீரை. மாப்பிள்ளையின் வாப்பா அச்சிமுகம்மது சாற்றைச் சூப்பென்று நினைத்து, கோப்பை கோப்பையாக ஊற்றிக் குடித்தார். நஸீறாவோ, ஊர்க் கடற்கரைக் கடைகளில் மீனைக் காட்டிப் பொரிக்கச் சொல்கிற பழக்கத்தில், தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டினாள். "இந்த இறால் பொரியல். கணவாய் டெவல். கோழிக்கு உறைப்புக் கூட." பரிமாறும் பெண் அழகாகச் சிரித்துத் தலையாட்டி, காலியான சட்டியில் மறுபடி சாறு ஊற்றிவிட்டுப் போனாள். அச்சிமுகம்மது அதையும் குடித்தார். இறால் அப்படியே கிடந்தது.

பக்கத்து மேசையில் ஒரு வயதானவர் மீன்துண்டைக் கொதிக்கிற சட்டிக்குள் போட்டார். வெந்ததும் எடுத்துத் தன் மனைவியின் கோப்பையில் வைத்தார். அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

"என்னகா இது?" நஸீறா முகத்தைச் சுளித்தாள். "விருந்துக்குக் கூப்பிட்டுப்போட்டு எங்களையே ஆக்கித் தின்னச் சொல்றயா? எங்கட வீட்டுப் பூனைக்கும் நாங்க மீனை அவிச்சுத்தான் வெக்கிற."

"இங்கத்த வழக்கம் இதுதான் மாமி," என்றாள் றஸ்னா.

"வழக்கம் இவங்களுக்கு. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொண்ணு வீட்டார்தான் வெக்கோணும்."

ஸாலிஹா எழுந்து அகப்பையைப் பிடித்தாள். ஆவியில் முகம் வேர்க்க, போட்டுப் போட்டு எடுத்து ஒவ்வொருவருக்கும் வைத்தாள். உட்கார்ந்து வாங்கித் தின்றாலும் நஸீறாவின் வாய் ஓயவில்லை. இறால் வேகவில்லையாம், கணவாய் ரப்பராம். ஸாலிஹாவின் கோப்பை கழுவி வைத்தபடியே இருந்தது. மகள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

றமீஸ் ஒரு இறாலை எடுத்துச் சட்டியருகே கொண்டுபோனான்.

"கைய எடு மகன். ஆம்பிளை அகப்பை புடிக்கிறயா?"

இறால் தட்டுக்குத் திரும்பியது.

"உம்மா, நீங்க இரிங்க," என்று றஸ்னா அகப்பையை வாங்கி றமீஸின் முன்னால் வைத்தாள். "உங்களுக்கு இறால் வேணுமா?"

"ஓம்."

"அப்ப போடுங்க. எங்கட உம்மாக்கும் ரெண்டு போடுங்க. அவ இன்னும் தின்னல்ல."

"என்ன புள்ள இது? நாளைக்கு எங்கட வீட்டுக்கு வாற பொண்ணு கதைக்கிற கதையா?"

"நான் எங்கயும் வரல்ல மாமி. வீடு எங்கட உம்மாட. வாறது உங்கட மகன்தான்."

அச்சிமுகம்மதுக்குப் புரையேறியது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவருகிறவன். ஊரறிந்த விசயம்தான், ஆனால் மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் யாரும் அதைச் சொல்வதில்லை.

எல்லோரும் றமீஸைப் பார்த்தார்கள். படித்தவன், பாலம் கட்டுகிற பொறியியலாளன். அகப்பையைத் தொட்டான். தொட்டபடியே தாயின் பக்கம் திரும்பினான்.

"போடட்டா உம்மா?"

ஸாலிஹாவுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இதற்கா என் வயல்? மேல்மாடி கட்டிக் கொடுத்தாலும் இவன் ஜன்னலைத் திறக்கத் தாயிடம் போன் எடுத்துக் கேட்பான்.

நஸீறா மகனை விட்டுவிட்டு ஸாலிஹாவிடம் திரும்பினாள். "மேல்மாடி விசயம் என்ன மாதிரி? இன்னும் ஒரு வார்த்தை சொல்லல்லையே."

ஸாலிஹா மகளைப் பார்த்தாள். றஸ்னா ஒரு பிடி கீரையைச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஸாலிஹா கதிரையை இழுத்து உட்கார்ந்து, இறால் தட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "பசிக்கிது. சாப்பிட்டுப்போட்டுத்தான் வேணாமெண்டு சொல்லுவன்."