போர்ட்டரும் செட்டியாரும்

"வாயைத் திறங்க, இன்னும் ரெண்டே கரண்டிதான்" என்று கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தாள் பிரபாவதி. உப்பில்லாத கஞ்சி. கல்யாணசுந்தரத்தின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, எட்டு மாதமாக அந்தக் கஞ்சிதான். அவரும் வாயைத் திறந்தார், ஆனால் கஞ்சிக்காக இல்லை.

"போர்ட்டர்" என்றார்.

"என்னங்க?"

"போர்ட்டர் வேணும் பிரபா. அப்புறம் அந்த... செட்டார்."

முந்தின நாளிலிருந்தே மனுஷனுக்கு நினைவு விட்டு விட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது எந்த ஸ்டேஷனில் போய் நிற்கிறாரோ தெரியவில்லை. திருச்சி ஜங்ஷனாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணம் ஆன புதிதில் அங்கேதான் செட்டியார் வீட்டு மாடியில் நாலு வருஷம் குடியிருந்தார்கள். அவர் முதன்முதலாகப் பஹ்ரைனுக்குக் கிளம்பியபோது ரயிலடி வரை வந்து கையசைத்ததும் அந்தச் செட்டியார்தான். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

"போர்ட்டரெல்லாம் எதுக்குங்க? நானே தூக்கிக்கிறேன். செட்டியாரு இப்ப வந்துருவாரு" என்றாள்.

அவர் கண்ணை நன்றாகத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கி, கட்டில் கிறீச்சிடும் அளவுக்குச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க, இருமல் வரும்."

இருமல் வரவில்லை. சிரித்த முகத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது ஆள் போய்விட்டிருந்தார். கீழே பஹ்ரைனின் குதைபியா தெருவில் ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த கையோடு பிரபாவதி செய்த முதல் வேலை, மகள் ராதிகாவை விட்டு எங்கெங்கோ விசாரித்துச் செட்டியாரின் போன் நம்பரைப் பிடித்ததுதான். செட்டியாருக்கு எண்பத்தாறு வயது. விஷயத்தைக் கேட்டதும் போனிலேயே அழுதுவிட்டார்.

"என்னையாம்மா கேட்டாரு? இருபத்தாறு வருசம் ஆச்சேம்மா, இன்னும் மறக்கலையா? பதினாறாம் நாள் அவரு பேர்ல நான் இங்க நாப்பது பேருக்கு இலை போடுறேன்."

மனுஷனின் கடைசி ஆசையைக் குறையில்லாமல் தீர்த்து வைத்தோம் என்ற நினைப்புதான் அவளைப் பதினைந்து நாளும் நிமிர்ந்து உட்கார வைத்தது. துக்கம் கேட்க வந்த ஒருவரையும் அவள் விடவில்லை. போர்ட்டர், செட்டியார், சிரிப்பு என்று முழுக் கதையையும் சொல்லித்தான் காபி கொடுத்தாள்.

பதினாறாம் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. கல்யாணசுந்தரத்தின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து வடை, பாயசம், கருணைக்கிழங்கு வறுவல் என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தாள். உப்பைத் தாராளமாகப் போட்டிருந்தாள். இனி எந்த டாக்டர் வந்து கேட்கப் போகிறான்.

அப்போதுதான் பாலகுரு வந்தான். ஹோட்டல் பாரில் அவருக்குக் கீழே பன்னிரண்டு வருஷம் டியூட்டி பார்த்தவன், புதுக்கோட்டைக்காரன். ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே தயங்கி நின்றான்.

"அண்ணி, தப்பா நினைக்கலைன்னா, அண்ணனுக்குப் புடிச்சது ஒண்ணு கொண்டாந்திருக்கேன்."

"கசாயமா?" என்றாள் பிரபாவதி.

வெள்ளிக்கிழமை தோறும் ஒரே ஒரு பாட்டில் கறுப்பு பியர் குடிப்பது அவர் வழக்கம். அதற்குக் கசாயம் என்று பேர் வைத்தது அவள்தான். கூடவே கடித்துக்கொள்ளும் மஞ்சள் நிறக் கட்டிக்கு சோப்பு என்று பேர். வீட்டில் சண்டை வேண்டாமே என்று அவரும் "பிரபா, கசாயமும் சோப்பும் எடுத்தா" என்றே கேட்டுப் பழகிவிட்டார். ஹோட்டலில் அவற்றுக்கு என்ன பேர் என்று அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

"கசாயமேதான்" என்று பாலகுரு பாட்டிலை எடுத்து வைத்தான். "இங்கிலாந்து போர்ட்டர். கூட ரெண்டு வருசம் பழுத்த செட்டார்."

பிரபாவதி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னே?"

"போர்ட்டர் அண்ணி. இந்தக் கறுப்பு பியருக்குப் பேரே அதுதான். அந்தக் காலத்துல லண்டன்ல மூட்டை தூக்குறவங்க குடிச்சதாம். அண்ணன் கெஸ்ட்டுங்ககிட்ட சொல்லுவாரு."

"செட்டார்?"

"சீஸ் அண்ணி."

ராதிகா வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, அப்போ அந்தச் செட்டியார் அங்கிள்?" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள்.

பிரபாவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினைந்து நாளாக வராத அழுகை அப்போது வந்தது. "கடைசியா வாயைத் திறந்து ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. அதைக்கூடக் குடுக்காம அனுப்பிட்டேனே."

"புரிஞ்சிருந்தா மட்டும் குடுத்திருப்பியா? டாக்டர்தான் டோட்டலா ஸ்டாப் பண்ணச் சொல்லியிருந்தார்ல."

"குடுத்திருக்க மாட்டேன். அதான்டி வயித்தெரிச்சலா இருக்கு."

பாலகுருவுக்கு முகம் செத்துவிட்டது. "நான் வேணா இதை எடுத்துட்டுப் போயிடறேன் அண்ணி."

"வைடா. அவரு எப்படி ஊத்துவாரோ அப்படி ஊத்து."

கண்ணாடித் தம்பளரைச் சாய்த்துப் பிடித்து அவன் நிதானமாக ஊற்றினான். பார்க்க முதல் டிகாஷன் மாதிரி இருந்தது, மேலே ஆற்றிய காபியின் நுரை. அவன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது ஓரத்தில் மட்டும் நாவல்பழச் சிவப்பு தெரிந்தது. அதைப் படத்தின் முன்னால் வைத்து, ஒரு தட்டில் சீஸை உதிர்த்து வைத்தான்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து தம்பி."

"அம்மா!"

"என்னடி பார்க்கிறே? அவரு எதைக் கேட்டாருன்னு நான் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"முதல்ல சீஸ். மென்னு முழுங்கிடாதீங்க அண்ணி, நாக்குல வச்சு இளக விடுங்க. அப்புறம் ஒரு மடக்கு. அண்ணன் அப்படித்தான் சொல்லிக்குடுப்பாரு."

சீஸ் நாக்கில் இளகியது. உப்பும் புளிப்புமாக, நடுவில் கற்கண்டுப் பொடி மாதிரி ஏதோ நறநறத்தது. சோப்பு இல்லை, நிச்சயமாக. அதன் மேல் அந்தக் கறுப்பை ஒரு மடக்கு விட்டாள். முதலில் கசந்தது, வறுத்த காபிக்கொட்டைக் கசப்பு. முகத்தைச் சுளிக்கப் போன நேரத்தில் அந்த உப்பு போய்க் கசப்பைப் பிடித்துக்கொள்ள, அடியிலிருந்து கருப்பட்டி வாசனை மெல்ல ஏறி வந்தது. பிரபாவதி இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இத்தனை வருஷம் பக்கத்துலயே உக்காந்து மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்திருக்கேன்." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "தம்பி, போர்ட்டர் எதுக்கு, நானே தூக்கிக்கிறேன்னு சொன்னேன். கட்டில் ஆடுற மாதிரி சிரிச்சாரு."

"அப்ப நினைவு தெளிவா இருந்திருக்கு அண்ணி. உங்களுக்கு என்னா புரிஞ்சுதுன்னு அவருக்குப் புரிஞ்சிருக்கு."

"திருத்தியிருக்கலாம்ல?"

"திருத்தலையே."

"கொழுப்பு" என்றாள் பிரபாவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

போன் அடித்தது. திருச்சியிலிருந்து செட்டியார், வீடியோவில். பின்னால் வரிசையாக இலைகள், குனிந்து சாப்பிடும் தலைகள்.

"நாப்பத்திமூணு பேரும்மா. பாயசம் ஓடிக்கிட்டிருக்கு. எனக்கு இன்னும் ஆறவே இல்ல, கடைசி நேரத்துல என்னை நினைச்சாரே."

மேலுதட்டில் நுரை என்று ராதிகா ஜாடை காட்டினாள். பிரபாவதி புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்கய்யா" என்றாள். "பேரைச் சொல்லித்தான் கேட்டாரு."

சூடம் காட்டி முடிந்ததும் படையலை எடுத்துப் பங்கிட வேண்டும். படத்தின் முன்னாலிருந்த தம்பளரை எடுக்கப் பாலகுரு குனிந்தான்.

"வழிய வழிய இருக்கு அண்ணி, நான் கொண்டாரேன்."

"போர்ட்டரெல்லாம் எதுக்கு? நானே தூக்கிக்கிறேன்."

அவள் இரண்டு கையாலும் தம்பளரைப் பிடித்துக்கொண்டு, நுரையையே பார்த்தபடி, சாப்பாட்டு மேசையை நோக்கி ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.