தெருவில் வரைந்த படகு

கல்யாணமாகி ஏழு மாதத்தில் நானும் என் கணவரும் தனியாகப் பேசிக்கொண்ட இடங்கள் இரண்டு. ஒன்று வாலாஜாபாத் பஸ். இன்னொன்று குழாயடி, அதுவும் வரிசையில் யாரும் இல்லாதபோது.

வீட்டில் இடம் இல்லை. முன்கட்டு முழுக்க இரண்டு தறிகள். மாமனார் தணிகாசலம் ஒன்றில், நாத்தனார் லோகாம்பாள் மற்றதில். பின்கட்டில் சமையல். இடையில் இருக்கும் நடையில் எல்லோரும் வரிசையாகப் படுப்போம். மாமியார் மணியம்மாள் நடுவில்.

என் கணவர் சிட்டிபாபுவுக்குக் கேளம்பாக்கம் உப்பளத்தில் மேற்பார்வை வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விடுவார். அங்கே தங்குவதற்கு ஒரு கொட்டகை. அதில் எட்டு ஆண்கள். ஆனால் கொட்டகைக்குப் பக்கத்தில் பக்கிங்காம் கால்வாய் இருந்தது.

"தரையிலதானே இடம் இல்ல, மங்கை. தண்ணியில எவ்ளோ இருக்குது பாரு" என்றார் ஒருநாள் பஸ்ஸில்.

கோவளத்தில் படகு கட்டும் தர்மன் இரண்டு வரைபடங்கள் கொடுத்திருந்தார். ஒன்று டீசல் என்ஜின் வைத்த பெரிய படகு. மற்றது இரட்டைப் படகு: ஒல்லியான இரண்டு ஓடங்கள், அவற்றை இணைக்கும் பலகைத் தளம், தளத்தின் மேல் ஓர் அறை, பாய்மரம். காற்று போதும். புகை இல்லை, தண்ணீரில் எண்ணெய் மிதக்காது. கால்வாயில் குடியிருக்கலாம், லீவு கிடைத்தால் பழவேற்காடு வரை போய்வரலாம்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம். மிதப்புக் கணக்கை மூன்று தடவை போட்டேன். இரண்டு பேர், ஒரு அடுப்பு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு அரிசி மூட்டை. நன்றாகவே மிதந்தது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அந்த அறையின் கதவு. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வரைந்திருந்தார் தர்மன்.

மாமனார் சம்மதம் வேண்டும். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கட்டுமரமா? மரத்து மேல உக்காந்துக்கினு குடும்பம் நடத்துவியா?"

"ரூம் இருக்குதுப்பா."

"பொடவைன்னா தாள்ல பாத்தே சொல்லிடுவேன். இது பொடவை இல்லையே. நெஜ அளவுல காட்டு."

ஞாயிற்றுக்கிழமை காலை. நெசவுக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிச் சுருட்டி எடுத்ததும் எங்கள் தெரு முப்பதடிக்குக் காலியாகும். அந்த இடத்தில் கோலமாவால் இரட்டைப் படகை வரைந்தேன். என் கணவர் அளவுக் கயிற்றைப் பிடித்தார். தெருவே வேடிக்கை பார்த்ததால் நான் ஒரு தடவைகூட நிமிரவில்லை.

வரைந்து முடித்ததும் மாமியார் கதவு வழியாகக் குனிந்து உள்ளே போனார்.

"இன்னாமா, இவ்ளோண்டு சமையக்கட்டு!"

எதிர்வீட்டு மாணிக்கவாசகம் கோட்டோரமாக வந்து நின்றார்.

"மாணிக்கம், நீ தண்ணியில நிக்கற" என்றார் மாமனார்.

மாணிக்கவாசகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அவர் மனைவியும் ஏறினாள். சைக்கிளில் வந்த ஒருவர் மணி அடித்து, படகைச் சுற்றிக்கொண்டு போனார்.

"கக்கூசு எங்கடா?" என்று கேட்டார் மாமியார்.

"வாளிம்மா. சாம்பல் போட்டு மூடிடணும். அப்பால கரையில தென்னைக்கு உரம்."

"தண்ணியில வுடக் கூடாதா?"

"மீனு இருக்குதில்ல."

"அதுக்குப் பாத்து நான் வாளி தூக்கணுமா?"

மாமியார் ஏன் தூக்க வேண்டும் என்று யோசித்தேன். அப்போதுதான் பயம் வந்தது.

மாமனார் இரண்டு ஓடங்களுக்கும் நடுவில் முழம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை அளந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஏ லோகா, தறி அப்படியே ஒக்காருது!"

"குழி வாணாமாப்பா? கால் எங்க வைக்கறது?"

"பலகையில ஒரு ஓட்டை வுட்டா கீழ தொங்கப் போட்டுக்கினு மிதிக்கலாம். குளிர்ச்சியா இருக்கும்."

"மீனு கடிக்கும்" என்றார் மாணிக்கவாசகம்.

"உன் கால யாரு கேட்டா? என் காலு, என் தறி."

"அப்ப என் தறி?" என்றாள் லோகாம்பாள்.

"அந்த ரூமுல போட்டுக்கோ."

"ரூமுல தறி வந்தா நாம எங்க படுக்கறது?" என்றார் மாமியார். தளத்தில் நடந்து பார்த்தார். "இப்படி வரிசையா படுத்துக்கலாம். நான் நடுவுல."

அவ்வளவுதான். கதவு போயிற்று, தாழ்ப்பாள் போயிற்று. மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஐந்து பேர், இரண்டு தறி. தண்ணீர் தளத்துக்கு மேலே வந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் லோகாம்பாள் அறைக்குள் ஜன்னல் வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மாணிக்கவாசகத்தின் மனைவி திண்டாடித் திண்டாடிச் சமையற்கட்டில் அம்மிக்கு இடம் தேடினாள்.

தலையைத் திருப்பி எங்கள் வீட்டைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. தறிச் சத்தம் இல்லை. உள்ளே ஒருவரும் இல்லை.

என் கணவரைப் பார்த்தேன். அவரும் வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாவு தீந்துபோச்சு" என்றேன்.

"மேல் பரண்ல இருக்குது. உனக்கு எட்டாது" என்றார்.

வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் இறுகலாக இருந்தது. பகலில் அதை யாரும் போட்டதே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம்.

மாமனாரின் தறிக்குழி விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டோம். அரை மணி நேரம். யாரும் காது கொடுக்காத இடத்தில் அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"தறி ஏத்தினா முழுகிடுங்க" என்றேன்.

"சொல்லிடலாமா?"

"இப்ப வேணாம்."

வெளியே வந்தபோது எல்லோரும் படகில்தான் இருந்தார்கள். மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்திருந்தார். கோலமாவு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"அப்போ இதையே கட்டச் சொல்லிடலாமா?" என்றார் மாமனார்.

"இல்லைங்க மாமா." நானே திடுக்கிட்டேன். குரல் தெருமுனை வரை போயிருக்கும். "ஒண்ணை மட்டும் பாத்துட்டு எப்படி முடிவு பண்றது? அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த டீசல் படகையும் வரைஞ்சு பாக்கணும்."

"படிச்ச பொண்ணு சரியாத்தான் சொல்லுது" என்றார் மாமனார்.

டீசல் படகை நான் விரும்பவே இல்லை. ஆனால் அது பத்தடி அதிக நீளம். வீட்டில் எல்லோரும் அதில் ஏறி இறங்க எப்படியும் ஒரு மணி நேரம் பிடிக்கும்.