வளைவில் கை காட்டுபவள்

அன்று அமாவாசை என்பது எனக்குத் தெரியாது. ஜெயப்பிரியா போன பிறகு வீட்டில் நாள்காட்டி கிழிப்பதில்லை.

பொழுது சாய்வதற்குள் கூட்டத்தை முடித்துவிடலாம் என்று ஊராட்சிச் செயலர் ஹரிகிருஷ்ணன் சொல்லியிருந்தார். தொடங்கும்போதே சாய்ந்துவிட்டது. சமுதாயக் கூடத்தில் ஒரு டியூப்லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. வாசலில் செருப்புகள் சேற்றோடு கிடந்தன.

எங்கள் நகர் திருப்போரூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது. திருப்போரூரிலிருந்து வர இரண்டு வழிகள். ஒன்று ஏரிக்கரை. இன்னொன்று வளைவு. வளைவில் ஜல்லி லாரிகள் வரிசையாக நிற்கும். தெருவிளக்கு எரியாது. போன ஐப்பசியில் என் மனைவி ஜெயப்பிரியா அங்கே ஸ்கூட்டரில் திரும்பினாள். நின்றிருந்த லாரியின் பின்பக்கம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நான் அந்த வழியில் போனதில்லை. எனக்கு வேலை செங்கல்பட்டுப் பக்கம். போக வேண்டியும் வரவில்லை. மகள் சிநேகா பள்ளி விட்டதும் திருப்போரூரில் என் மாமியார் வீட்டில் இருப்பாள். ஜெயப்பிரியாவின் தம்பி ஹேமந்த் செல்போன் கடையில் வேலை முடிந்ததும் அவளை பைக்கில் முன்னால் உட்கார வைத்து, ஏரிக்கரை வழியாகக் கூட்டி வருவான். இந்த வாரம் ஏரிக்கரை மழையில் முழுகிவிட்டது. திங்கள்கிழமையிலிருந்து அவர்கள் வளைவு வழியாக வருகிறார்கள்.

அதனால்தான் கூட்டத்துக்குப் போனேன்.

"போஸ்ட்டு எங்களுது சார். அதுல மாட்டுன லைட்டு பஞ்சாயத்துது" என்றார் மின்வாரியத்து வயர்மேன் தேவசகாயம்.

"லைட்டு நல்லாத்தான் இருக்கு. கரண்ட்டுதான் வரல. கரண்ட்டு அவங்களுது" என்றார் ஹரிகிருஷ்ணன்.

"அப்ப இருட்டு யாருது?" என்றாள் பூங்கொடி. பஸ் நிறுத்தத்தில் டிபன் கடை வைத்திருப்பவள். எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்தார்.

லாரிகளின் முறை வந்தது. லாரிகளில் பாதிக்கு மேல் ஜெகதீசனுடையவை. அவர் கடைசியாக வந்து சுவரோரம் நின்றிருந்தார்.

"ரோட்டுல நிறுத்தாதன்னா எங்க நிறுத்துறது? தலமேல வச்சிக்கினு தூங்கவா?"

"உன் வூட்டு வாசல்ல நிறுத்து அண்ணாத்த" என்றாள் பூங்கொடி.

"அங்கதான் உன் ஸ்கூட்டி நிக்குதே. மொதல்ல அத எடு."

மறுபடி சிரிப்பு. வெளியே முழுதாக இருட்டிவிட்டது. நான் எழுந்தேன்.

"லைட்டு எப்ப எரியும்னு மட்டும் சொல்லுங்க. என் பொண்ணு இன்னிக்கும் அந்த வழியாத்தான் வர்றா."

கூடம் அடங்கியது. நான் பேசினால் இப்படித்தான் ஆகிறது. பழகிவிட்டது.

"இன்னிக்கா?" என்றாள் பூங்கொடி. "இன்னிக்கு அமாவாசை தம்பி."

"பூங்கொடி, வுடு" என்றார் ஜெகதீசன்.

"எவ்ளோ நாளைக்கு மறைக்கிறது? தம்பி, தப்பா எடுத்துக்காத. உன் சம்சாரம் அங்க நிக்குது. வெள்ளையா. வர்ற வண்டிக்குக் கை காட்டுது. பால்காரரு வண்டிய நிறுத்தப் பாத்தாரு, கால் ஒடஞ்சுது. அப்புறம் அந்தக் காலேஜ் பையன். போன மாசம் கேளம்பாக்கத்துப் பொம்பள, இன்னும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிலதான் கீது. எல்லாமே அமாவாசை. எல்லாமே அதே எடம். அதான் இப்ப ஒருத்தரும் அங்க நிக்கிறதில்ல. ஹாரன் அடிச்சிகினே முறுக்கிக்கினு பூடறாங்க. உன் மச்சானுக்கும் சொல்லிக்கீறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஓராண்டாக எதுவும் சரியாக வருவதில்லை. அவள் சொன்னதில் ஒன்று மட்டும் தங்கியது. எல்லாமே அமாவாசை. எல்லாமே அதே இடம்.

நான் படித்தது புள்ளியியல். ஒரே நாளில் ஒரே இடத்தில் ஆட்கள் விழுகிறார்கள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. அது ஜெயப்பிரியாவாக இருக்க வேண்டியதில்லை.

"அமாவாசைக்கு அங்க என்ன செய்றீங்க?" என்று ஜெகதீசனைக் கேட்டேன்.

"இன்னா செய்வோம்? திருஷ்டி கழிப்போம். லாரிக்கு ஒரு பூசணிக்கா. ஊர்ல எல்லாம் செய்றதுதான."

"எங்க உடைப்பீங்க?"

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னெல்லாம் ஷெட்டு வாசல்ல. உன் சம்சாரம் போனதுக்கப்புறம் வளைவுல. அந்த எடத்துலயே. அது சாந்தியாவட்டும், வேற உசுர கேக்காம இருக்கட்டும்னு எல்லா லாரிக்காரனும் சேந்து முடிவு பண்ணோம். நல்லதுக்குத்தான் நைனா."

"இன்னிக்கு?"

"இப்பத்தான் ஒடச்சிட்டு வரேன்." கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் குங்குமம் ஈரமாக இருந்தது.

எனக்கு எல்லாம் தெரிந்தது. மழையில் நனைந்த தார். அதன்மேல் அத்தனை பூசணிக்காயின் சதையும் விதையும் குங்குமத் தண்ணீரும். விளக்கு இல்லை. சாய்ந்து திரும்ப வேண்டிய வளைவு. நிற்காமல் முறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முறுக்குகிறவன் முன்னால் என் மகள்.

பயந்தேன். பயம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஹேமந்தைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்காதே என்று அவனுக்குச் சொன்னவன் நான்தான். மாமியாரைக் கூப்பிட்டேன்.

"கெளம்பிட்டாங்களே மாப்ள. பாப்பா ரெயின்கோட்டு போட மாட்டேன்னு ஒரே அழுக..."

"துடைப்பம், மண்ணு, எது கெடச்சாலும் எடுத்துட்டு வாங்க" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினேன். செருப்பு தேடவில்லை. ஓடினேன்.

கடைசி வீட்டைத் தாண்டியதும் இருட்டு கெட்டியாக இருந்தது. போனின் வெளிச்சம் காலடிக்கு மட்டும் போதும். ஒரு பக்கம் லாரிகள், இன்னொரு பக்கம் தண்ணீர் நிறைந்த பள்ளம். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். கற்பூர வாசனை. அவள் விழுந்த இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு பூசணித் துண்டின்மேல் பெரிய கற்பூரக் கட்டி ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் தெரிந்தது. அந்தத் துண்டைச் சுற்றி, ரோட்டின் அகலம் முழுக்க, வெள்ளையும் சிவப்புமாகக் கிடந்தது.

பார்த்துக்கொண்டே கால் வைத்தேன். அப்படியும் வழுக்கியது. முதுகு அடிபட விழுந்தேன். போன் தெறித்தது, அதன் விளக்கு அணைந்தது. எழப் பார்த்து மறுபடி விழுந்தேன். கையால் துழாவியதில் விதைகள், சதை, கண்ணாடி விரிந்த போன். விளக்குப் பொத்தானை அழுத்தினேன். வரவில்லை.

அப்போது ஹாரன் கேட்டது.

தூரத்தில், விடாமல். ஒருவன் பயத்தில் அடிக்கும் ஹாரன்.

ஹேமந்த் நிற்க மாட்டான். கை காட்டினால் இன்னும் முறுக்குவான். காட்டாவிட்டாலும் வருவான். ஆபீஸுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு நான் அந்த இடத்தில் நிற்கிறேன். அவனுக்கு யார் நிற்பதாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

பூசணியைத் தாண்டி ஊர்ந்தேன். தார் சொரசொரப்பாகக் கைக்குப் பட்டதும் எழுந்து, ஹாரன் வரும் பக்கமாக ஓடினேன். கடைசி லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ரோடு குறுகும். அங்கே நின்றேன். அதற்கு மேல் என்னைச் சுற்றிப் போக இடமில்லை. போக வேண்டுமானால் என்மேல் ஏறித்தான் போக வேண்டும். ஏறட்டும். வேகம் அங்கேயே செத்துவிடும். பாப்பா என்மேல்தான் விழுவாள்.

வெளிச்சம் திரும்பி என்மேல் விழுந்தது. கண் கூசியது. இரண்டு கைகளையும் தூக்கினேன். சட்டையைக் குனிந்து பார்த்தேன். மார்பிலிருந்து இடுப்பு வரை குங்குமம் வழிந்திருந்தது.

ஹாரன் நின்றது. இன்ஜின் சத்தம் ஏறியது.

அவன் பெயரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஓடிய மூச்சில் பெயர் வரவில்லை. வேறு ஏதோ வந்தது. அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது.

பிரேக் கிறீச்சிட்டது. வண்டி வால் ஆட்டி, பள்ளத்தின் விளிம்புவரை போய் நின்றது. வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்தவர்களை என்னால் பார்க்க முடியவில்லை. சின்னக் குரல் ஒன்று மட்டும் கேட்டது.

"அம்மா."

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். ஹேமந்த் அலறினான். வண்டியை உருட்டித் திருப்பினான். பின்விளக்கு சிவப்பாக ஆடி, சிறுத்து, திருப்போரூர்ப் பக்கம் மறைந்தது.

நான் ரோட்டிலேயே உட்கார்ந்தேன்.

பின்னால் டார்ச் வெளிச்சங்கள் வந்து, முதல் லாரிக்கு அருகிலேயே நின்றுவிட்டன. யாரும் மேலே வரவில்லை.

"யாரது?" பூங்கொடியின் குரல்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு? பேரச் சொல்லு!"

"ஷ்யாம்."

"கால் கீதா பாரு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். ஒரு டார்ச் என் பாதங்களில் விழுந்து கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

ஜெகதீசன்தான் முதலில் நகர்ந்தார். அவராலும் பூசணியைத் தாண்ட முடியவில்லை. டார்ச்சை அதன்மேல் அடித்தார். பக்கத்தில் நின்ற ஹரிகிருஷ்ணன் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தார். ஜெகதீசன் டார்ச்சை அவரிடம் கொடுத்துவிட்டு எம்-சாண்ட் மணல் ஏற்றியிருந்த லாரியின்மேல் ஏறினார். மண்வெட்டி தகட்டில் உரசியது. முதல் மண் ரோட்டில் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பையில் இருந்த போன் அதிர்ந்தது. விரிந்த கண்ணாடியில் ஹேமந்த் என்று தெரிந்தது.

"மாமா, எங்க கீறீங்க? வூட்ட வுட்டு வராதீங்க. அக்கா... ரத்தமா... கைய ரெண்டும் தூக்கினு..." அவன் அழுதான்.

"பாப்பா?"

"நல்லாருக்கு. எங்கம்மா வூட்டுக்கே வந்துட்டோம்."

"பாப்பாகிட்ட குடு."

போன் கை மாறும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அப்பா, அம்மாவப் பாத்தேன்."

"ம்."

"அம்மா ஏம்பா எங்கள வராதன்னு கை காட்டுச்சு?"

அது நான் என்று சொல்ல வேண்டும். சட்டையைப் பார்த்தேன்.

"ரோடு வழுக்குதும்மா" என்றேன்.

அவள் யோசித்தாள். "சரி" என்றாள். "அப்ப நீயும் பாத்து வா."

திருப்போரூர்ப் பக்கம் இன்னொரு வண்டியின் வெளிச்சம் தெரிந்தது. ஹாரன் விடாமல் அடித்தது. மண் இன்னும் பாதி ரோட்டைக்கூட மூடவில்லை.

போனைப் பையில் போட்டேன். அந்தக் குறுகலுக்கே போய் நடுவில் நின்று, கைகளைத் தூக்கினேன்.