கொமாண்டர் கடிதம்

முதுகு இரண்டாகப் பிளந்துவிடும் போலிருந்தது மடுத்தீனுக்கு. காலை எட்டு மணிக்குக் குனிந்தவன். அடிபிடித்த பிரியாணி அண்டா இரண்டு, கறிச்சட்டி ஏழு, தட்டுகள் எத்தனையென்று கடவுளுக்குத்தான் தெரியும். மூன்று மணிக்கு மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும், இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் பிரெஞ்சு நகரத்துத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் முன்பக்கம் வந்தான். உட்கார்ந்தால் எழும்பமுடியாது என்று தெரிந்தும் உட்கார்ந்தான். இங்கிலாந்திலிருந்து வந்த கடிதம் காலையிலிருந்து சட்டைப் பைக்குள் கிடந்து நெஞ்சைச் சுட்டுக்கொண்டிருந்தது.

எதிரில் லூசியன் பாலில்லாத பிளேன்ரீயை ஊதிக்கொண்டிருந்தார். பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சுக் கடற்படையில் இருபத்தைந்து வருடம் சமையல்காரராக இருந்து பென்சன் எடுத்தவர். துறைமுகம் துறைமுகமாகத் திரிந்ததில் இங்கிலீசும் படித்துக்கொண்டவர்.

"என்ன மடுத்தீன், உங்க கொமாண்டர் வீட்டு லெத்தர் வந்துடுச்சா?"

"வந்திட்டுது, முசியே. ஒண்டும் விடாமல் வாசியுங்கோ. அக்கா பொண்டியிலை வேலை முடிச்சு ரயிலிலை வெளிக்கிட்டிட்டா. வந்தவுடனை கேப்பா."

மடுத்தீன் வீட்டில் கொமாண்டர் என்றால் ஒருவர்தான். ஹோல்ட் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. 1942 சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போட்டுக் கப்பல் கடலுக்குள் அமிழ்ந்தபோது, எண்ணெய் குடித்து, கண் தெரியாமல், தோள் உடைந்து மிதந்த அந்த வெள்ளைக்காரனை, தலைமயிரில் பிடித்து வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டவர் மடுத்தீனின் அப்பா நீக்கிலாஸ். கட்டியிருந்த சாரத்தைக் கிழித்துத் தோளைக் கட்டினார். வெள்ளைக்காரன் மானத்தோடு கரைக்கு வந்தான், நீக்கிலாஸ் கோவணத்தோடு வந்தான் என்று திருகோணமலை மீன் வாடியெல்லாம் சிரித்த கதை அது.

யுத்தம் முடிந்தபிறகு அதே மனிதர் கொமாண்டராகித் திருகோணமலைக்கு வந்தார். அப்பாவைத் தேடிப் பிடித்துப் பங்களாவில் வேலைக்கு வைத்தார். 1957இல் வெள்ளைக்காரர் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். 'இந்த நீக்கிலாசுக்கு நான் ஓர் உயிர் கடன்பட்டிருக்கிறேன். இவன் குடும்பத்துக்கு எப்போது உதவி வேண்டுமானாலும் இதைக் காண்பவர் செய்வாராக.' கீழே கையெழுத்து. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், கொமாண்டர்.

அந்தத் தாள் அந்தோனியார் படத்துக்குப் பின்னால் ஐம்பது வருடம் இருந்தது. அதைக் காட்டிய ஒருநாள் அரசாங்கக் கச்சேரியில் அப்பாவுக்கு உட்காரக் கதிரை போட்டார்கள். பக்கத்தில் நின்ற மடுத்தீனுக்கு அப்போது பத்து வயது. அந்தக் கதிரையை அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது.

2009 சித்திரையில், சண்டைக்குள் அகப்பட்டிருந்த அக்காவின் மகன் பேனாட் கடைசியாக மடுத்தீனுக்குப் போன் எடுத்தான். இரண்டு நிமிடம். மனைவி கஜந்தினியோடு வெளியே வரப்போவதாகச் சொன்னான்.

"எல்லாத்தையும் விட்டிட்டு வாறம் மாமா. தாத்தான்ரை கடிதம் மட்டும் கிடக்கு. என்ன செய்ய?"

"அதைக் கட்டாயம் கொண்டு வா. சேட்டுப் பொக்கற்றிலை வை. வெள்ளைக்காரன்ரை கையெழுத்தெல்லோ, கண்டா மரியாதை குடுப்பாங்கள்."

ஆமிச் சோதனையில் பொக்கற்றைத் தடவினவனுக்கு இங்கிலீசு தெரியாது. கொமாண்டர் என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. அந்த வருடம் அந்த மண்ணில் அந்தச் சொல்லுக்குப் போராளித் தளபதி என்பதைவிட வேறு அர்த்தம் இருக்கவில்லை.

உன்னுடைய கொமாண்டர் எங்கே என்று கேட்டார்களாம். அவர் செத்துப்போனார் என்று பேனாட் உள்ளதைச் சொன்னானாம். அதோடு அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். முகாமிலிருந்து கஜந்தினி அழுதழுது சொன்னது இவ்வளவும்தான். கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னது யாரென்று அவளுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

கொமாண்டர் வெள்ளைக்காரன்தான், கடிதம் அவர் எழுதியதுதான் என்று அவர் வீட்டார் ஒரு தாள் தந்தால் பேனாட்டுக்காக வாதாடிப் பார்க்கலாம் என்று கொழும்பில் ஒரு வக்கீல் சொன்னார். விலாசம் பிடித்து, எழுதி, பதில் வர ஒன்றரை வருடம் போயிற்று.

லூசியன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் கடிதத்தோடு வந்த பத்திரிகை நறுக்கை விரித்தார்.

"எம்பத்தெட்டுல செத்தப்போ பேப்பர்ல போட்டது. பதிமூணு வயசுல மரீன் பள்ளிக்கூடம். அப்புறம் சீனாக் கடல். அத்லாந்திக்ல ரெண்டு வருஷம். மெதாய், அதான் பதக்கம், மூணு. பெரிய ஆளுதான்."

"நாப்பத்திரண்டுக்கு வாங்கோ."

"வரேன், இரு. சிலோன் பக்கத்துல கப்பல் முங்கிடுச்சு. தோள் உடைஞ்சும்..." லூசியன் நிறுத்தினார்.

"வாசியுங்கோ, முசியே."

"தோள் உடைஞ்சும் ஆறு மணி நேரம் தனியா நீந்திக் கரையேறினார். அதுக்குத்தான் மூணாவது மெதாய்."

மடுத்தீன் மேசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நகத்தால் சுரண்டினான்.

"இருவத்தஞ்சு வருஷம் கப்பல்ல கிடந்தவன் சொல்றேன். எண்ணெய்ல கண்ணு போனவன் ஆறு நிமிஷம்கூட நீந்த மாட்டான். பொய்யி."

"பிறகு?"

"ரிட்டயர் ஆகி ரோசாச் செடி வெச்சிருக்காரு. ஊர்ல நாய்க் கண்காட்சிக்கு நடுவரா இருந்தாராம்."

"அதைப் போட்டிருக்கினமே?"

"ரெண்டு வரி."

"நாய்க்கு ரெண்டு வரி" என்றான் மடுத்தீன்.

கொமாண்டரின் மகள் எழுதிய கடிதம் அரைப்பக்கம்தான். அப்பா அந்த நீச்சலைப் பற்றி அடிக்கடி சொல்லுவார். நீக்கிலாஸ் என்ற பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. திருகோணமலையில் வேலைக்காரர் பலர் இருந்தார்கள். அசல் கடிதத்தைப் பார்க்காமல் எதிலும் ஒப்பமிட முடியாது. மன்னிக்கவும்.

"இந்தப் பேப்பரையாவது வக்கீலுக்கு அனுப்பேன்" என்றார் லூசியன்.

"அனுப்பி? தனிய நீந்தினவன் என்னத்துக்கு இன்னொருத்தனுக்கு உயிர்க்கடன் எழுதிக் குடுத்தவன் எண்டு கேப்பாங்கள். கடிதம் கள்ளக் கடிதமாய்ப் போயிடும்."

கதவு திறந்தது. திரேசம்மா அக்கா. அலுவலகங்களில் நிலம் துடைக்கிற வேலை முடிந்து, அதே நீலச் சட்டையோடு வந்திருந்தாள். கைப்பைக்குள்ளிருந்து ஒரு மருந்துப் பெட்டியை எடுத்து மடுத்தீன் முன்னால் வைத்தாள்.

"முதுகுக்கு ஒட்டுற பிளாஸ்ரர். படுக்கேக்கை ஒட்டு. என்னவாம்? எழுதித் தருகினமாமோ?"

"அசல் கடிதத்தைக் காட்டட்டாம், அக்கா."

"அது அவன்ரை பொக்கற்றிலை எல்லோ போனது." கதிரையில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்தாள். "மூளையில்லாதவன். ஒரு சோத்துப் பார்சலைக் கொண்டு வந்திருக்கலாம். அந்தப் பழந்தாளை ஏன்தான் தூக்கினானோ? ராவும் பகலும் அவனைத்தான் பேசிறன். எங்கை கிடக்கிறானோ, பெத்தவள் திட்டத் திட்ட."

லூசியன் கோப்பைக்குள் பார்த்தார்.

செத்தவனைப்போல் ஒன்றரை வருடம் வாய் மூடிக் கிடந்த மடுத்தீனால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கமுடியவில்லை.

"அவனைப் பேசாதை, அக்கா. கொண்டு வரச் சொன்னது நான். போனிலை சொன்னனான். மரியாதை குடுப்பாங்கள் எண்டு சொன்னனான்."

அக்கா அவனைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. பிளாஸ்ரர் பெட்டி நேராக இல்லாததுபோல் அதை ஒருதரம் நேராக்கி வைத்தாள். எழும்பினாள்.

"ஒன்றரை வருசம் என்ரை பிள்ளையைத் திட்ட விட்டிருக்கிறாய்."

"அக்கா..."

"எனக்கு ஒண்டும் சொல்லாதை. என்ரை பிள்ளையைக் கொண்டு வந்து தா."

கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே அந்த நீலச் சட்டை மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்ரேசன் பக்கம் போய் மறைந்தது. எழும்பிப் பின்னால் ஓட மடுத்தீன் மேசையை ஊன்றினான். முதுகு விடவில்லை. உள்ளேயிருந்து முதலாளி, அண்டா காயுது என்று கூப்பிட்டார்.

கொமாண்டர் பட்ட கடனைக் கேட்க இனி ஆளும் இல்லை, தாளும் இல்லை. மடுத்தீன் பட்ட கடனைக் கேட்க ஆள் இருக்கிறாள். அக்காவுக்கு அவன் ஒரு பிள்ளை கொடுக்கவேண்டும். பெயர் பேனாட். இப்போது முப்பத்திரண்டு வயது.